கலங்கிய நெஞ்சம் கண்ட அமைதி

தமிழில் எழுந்த கிறித்தவக் காப்பியங்களுள் தேம்பாவணியோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் சிறப்பினை உடையது இரட்சணிய யாத்திரிகம். 1894ஆம் ஆண்டு நூல்வடிவம் பெற்ற அக்காப்பியத்தை எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடைக் கதையொன்றைத் தழுவிப் பாடினார் என்பது தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. தேர்வுக்கு வேண்டிய அளவில் மூல நூலின் பெயரும் அதன் ஆசிரியர் பெயரும் மனப்பாடம் செய்யப்படுகின்றன, அவ்வளவில் நின்றுவிடுகிறோம். முதுகில் பெருஞ்சுமையோடு அழிவு நகரத்தை விட்டு ஓடும் ஒரு மனிதனின் கதை அது. அக்கதையை எழுதிய ஜான் பன்யன் அச்சுமையைக் கற்பனையால் புனைந்தவர் அல்லர். தம் இளமையின் நல்ல ஆண்டுகள் பலவற்றை அதன் கீழேயே கழித்தவர். அச்சுமை இறங்கிய வரலாற்றை அவரே 1666இல் தன்வரலாறாக எழுதி வெளியிட்டார். சிறைப்பட்ட கதையைத் தனிக் குறிப்பாக எழுதிவைத்தார். அது அவர் மறைந்து 77 ஆண்டுகள் கழிந்தபின் 1765இல்தான் அச்சேறியது. இவ்விரண்டையும் துணையாகக் கொண்டு, கிறித்தவ நம்பிக்கையில் அவர் மன அமைதி கண்ட வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் வட்டத்து அன்பர்கள்முன் வைக்க விழைகின்றேன்.

பன்யனைப் பற்றிப் பேசுவோர் பலர் அவரைப் பெரும் பாவியாக இருந்து ஒரே பொழுதில் புனிதரானவராகக் காட்டுவர். இரண்டும் பிழை. அவர் ஒரே பொழுதில் அமைதி கண்டவரும் அல்லர். அவர் தம்மைப் பற்றி எழுதிக்கொண்ட அளவுக்குக் கொடியவரும் அல்லர். அடியார்கள் இறைவன்முன் தம்மை நாயினும் இழிந்தவராகச் சொல்லிக்கொள்வதைச் சைவ, வைணவப் பனுவல்களில் பயின்ற நமக்கு இது புதிதன்று. அத்தகைய கூற்றுகளை வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்ளல் ஆகாது.

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் எல்ஸ்டோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1628ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஜான் பன்யனுக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. தந்தை தாமஸ் பன்யன், ஓட்டை விழுந்த பாத்திரங்களைப் பற்றவைத்துக் கொடுக்கும் கன்னார். எளிய குடும்பம் எனினும் மகனைப் பள்ளிக்கு அனுப்பி எழுதப் படிக்கக் கற்பித்தனர். கற்றது விரைவிலேயே மறந்துபோயிற்று எனப் பிற்காலத்தில் பன்யன் எழுதினார். ஒன்பது, பத்து வயதிலேயே தீய ஆவிகளும் நரக நெருப்பும் கனவில் வந்து அவரை அலற வைத்தன. விளையாட்டுச் சிறுவர் நடுவே நிற்கும்போதும் அந்த அச்சம் திடீரென வந்து கவ்வும்.

1644ஆம் ஆண்டு சூன் திங்களில் தாய் இறந்தார். அடுத்த திங்களில் தங்கை இறந்தாள். அதற்கடுத்த திங்களில் தந்தை மறுமணம் செய்துகொண்டார். இம்மூன்று நிகழ்ச்சிகளும் ஊர்ப் பதிவேட்டால் நமக்குத் தெரிகின்றன. தம் நெஞ்சின் அசைவுகளை எல்லாம் நுணுகி எழுதிய பன்யன் இவற்றைப் பற்றித் தன்வரலாற்றில் ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்த மௌனமே பேசுகிறது என்பது என் துணிபு. அவ்வாண்டு நவம்பரில், பதினாறு வயதில், அவர் நாடாளுமன்றப் படையில் சேர்ந்தார். முதலாம் சார்லஸ் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம் அது. நியூபோர்ட் பாக்னல் கோட்டையில் அவருடைய படைப்பிரிவு தங்கியிருந்தது. ஒருமுறை முற்றுகை ஒன்றுக்கு அவர் செல்லவேண்டிய நிலையில் வேறொரு வீரன் தான் போவதாகக் கேட்டுக்கொண்டு அவரிடத்தில் சென்றான். காவல் நின்றபோது தலையில் குண்டு பாய்ந்து மாண்டான். தமக்குரிய சாவை வேறொருவன் ஏற்றான் என்னும் இந்நிகழ்ச்சியை அவர் சில வரிகளில் சொல்லிச் செல்கிறார்.

1647இல் படையிலிருந்து மீண்டவர் தந்தையின் தொழிலை ஏற்றார். ஏறத்தாழ 1649இல் திருமணம் நடந்தது. அம்மனைவியின் பெயரை எந்த ஆவணமும் நமக்குச் சொல்லவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒரு தட்டோ கரண்டியோ கூட இல்லாத வறுமை. ஆயினும் அப்பெண் தன் தந்தை விட்டுச்சென்ற இரண்டு நூல்களைக் கொண்டுவந்தாள்: ஆர்தர் டென்ட் எழுதியது ஒன்று, லூயிஸ் பெய்லி எழுதியது மற்றொன்று. இரண்டும் எளிய மக்களுக்கான பக்தி நூல்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து அவற்றைப் படித்தனர். மறந்திருந்த எழுத்து பன்யனுக்குத் திரும்பியது. 1650இல் பிறந்த முதல் மகள் மேரிக்குக் கண்பார்வை இல்லை.

அக்காலத்தில் பன்யன் கொண்டிருந்த தீய பழக்கங்கள் என அவரே அடுக்குவன யாவை? ஆடல், தேவாலய மணி அடித்தல், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு, ஆணையிட்டு வசைபேசுதல். ஒரு ஞாயிறன்று காலையில் ஓய்வுநாளைப் பற்றிய அருளுரையைக் கேட்டுக் கலங்கியவர், உண்டு முடித்ததும் அதை மறந்து ஊர்ப் பொதுத்திடலில் நம் கிட்டிப்புள் போன்றதோர் ஆட்டத்தில் இறங்கினார். புள்ளை ஒருமுறை அடித்துவிட்டு மறுமுறை அடிக்கக் கோலை ஓங்கியபோது, பாவத்தை விட்டு விண்ணுலகு புகுவாயா, பாவத்தோடு நரகம் புகுவாயா என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. கோலைக் கீழே போட்டு வானத்தை நோக்கினார். இயேசுபிரான் தம்மைச் சினந்து நோக்குவதாகத் தோன்றிற்று. இதன்பின் அவர் திருந்திவிட்டார் என்று எதிர்பார்க்கிறோம். அவரோ, இனித் தமக்கு மன்னிப்புக்கு வழியில்லை, காலம் கடந்துவிட்டது, நரகமே உறுதி எனின் இந்த ஆட்டத்தையாவது ஏன் இழக்கவேண்டும் என்று எண்ணிக் கோலை மீண்டும் எடுத்து ஆடினார்! நம்பிக்கை இழந்த மனம் செல்லும் வழியை இவ்வளவு நேர்மையாகச் சொன்னவர் மிகச் சிலர்.

ஒருநாள் ஒரு கடைமுன் நின்று அவர் வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தபோது, ஒழுக்கத்தில் நற்பெயர் இல்லாத பெண்ணொருத்தி, ஊர் இளைஞர் அனைவரையும் கெடுக்கப் போதுமான வாய் அவருக்கு என்று கடிந்தாள். அவள் வாயால் கேட்டது அவரைச் சுட்டது. தலைகுனிந்து நின்றவர், மீண்டும் சிறுபிள்ளையாகித் தந்தையிடம் வசையின்றிப் பேசக் கற்றுக்கொள்ள முடிந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்கினார். அன்றோடு வசைச்சொல் நின்றது. மணி அடிப்பதை விட்டார். ஆயினும் ஆசை விடவில்லை. மணிக்கோபுரத்துக்குச் சென்று பிறர் அடிப்பதைப் பார்த்து நின்றார். மணி அறுந்து தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு விட்டத்தின் கீழ் ஒதுங்கினார். விழுந்த மணி சுவரில் மோதித் தம்மேல் திரும்பினால்? வாயிற்படிக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால்? ஓடியே போனார். இதைப் படிக்கும்போது நகைப்பு வருகிறது. அவருக்கு அது நகைப்பாக இல்லை. ஆடலை விட ஓராண்டு ஆயிற்று. ஊரார் அவரைப் பக்திமான் என்று போற்றத் தொடங்கினர். அப்புகழில் அவரும் மகிழ்ந்தார்.

இந்நிலையில், தொழில் நிமித்தமாகப் பெட்ஃபோர்டுத் தெருவொன்றில் சென்றபோது, வீட்டு வாசலில் வெயில் காய்ந்தபடி மூன்று நான்கு ஏழைப் பெண்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கக் கண்டார். சமயம் பேசுகிறார்கள் என்றறிந்து தாமும் கலந்துகொள்ளும் எண்ணத்தோடு அருகே சென்றார். அவருக்கு அப்போது வாய்ப்பேச்சு நன்றாக வரும். ஆனால் அவர்கள் பேச்சு அவருக்கு எட்டவில்லை. தங்கள் நெஞ்சின் வறுமையைப் பற்றியும், உள்ளத்தில் நிகழ்ந்த புதுப்பிறப்பைப் பற்றியும், இயேசுவின் அன்பு தங்களைத் தாங்கியதைப் பற்றியும் பேசினர். தம் நற்செயல் எதையும் அவர்கள் பெருமையாகச் சொல்லவில்லை. மகிழ்ச்சியே அவர்களைப் பேசவைப்பதுபோல் இருந்தது. பன்யன் அப்பால் நகர்ந்தார். நெஞ்சு அங்கேயே நின்றுவிட்டது.

ஆங்கில இலக்கியத்தின் போக்கையே மாற்றிய ஒரு நூலுக்கு வித்திட்டவர்கள் வாசற்படியில் அமர்ந்திருந்த இப்பெண்களே. கற்றோர் அவையிலன்றித் தெருவில், ஆடவர் வாயிலன்றிப் பெண்கள் வாயில், அருளுரையாக அன்றிப் பொழுதுபோக்குப் பேச்சாக அவருக்கு அச்செய்தி கிடைத்தது. பின்பு அவர் மனக்கண்ணில் ஒரு காட்சி எழுந்தது: அப்பெண்கள் மலையொன்றின் வெயில் படும் பக்கத்தில் குளிர்காய்கின்றனர், அவர் பனியிலும் இருளிலும் நடுங்குகிறார், நடுவே ஒரு சுவர். சுவரில் மிகக் குறுகிய இடுக்கொன்று. தலையை நுழைத்து, தோளைச் சாய்த்து நுழைத்து, அரும்பாடுபட்டு அப்புறம் சென்று அவர்களோடு அமர்கிறார். காட்சியில் எளிதாக முடிந்தது வாழ்க்கையில் முடிய ஆண்டுகள் பல ஆயின.

அப்பெண்கள் சேர்ந்திருந்த சிறிய திருச்சபையின் மேய்ப்பர் ஜான் கிஃபோர்டு. மன்னர் படையில் அதிகாரியாயிருந்து பிடிபட்டுத் தூக்குத்தண்டனை பெற்று, முந்தைய இரவு தம் தமக்கையின் உதவியால் தப்பியவர். பின் மருத்துவராகிக் குடியும் சூதுமாக வாழ்ந்து மனந்திரும்பியவர். அவர் பன்யனைத் தம் இல்லத்துக்கு அழைத்துப் பேசினார். ஆறுதலைக் காட்டிலும் அச்சமே முதலில் பெருகியது. தாம் தெரிந்துகொள்ளப்பட்டவர்தாமா? இறைவனின் மக்களாகிய இசுரவேலர் வழியில் தம் குடும்பம் வந்ததாயின் உய்வு உண்டு என்று எண்ணித் தந்தையிடம் சென்று கேட்டார். இல்லை என்று தந்தை சொல்லிவிட்டார். எல்ஸ்டோவுக்கும் பெட்ஃபோர்டுக்கும் இடையிலுள்ள சாலையில் நடக்கையில், குண்டும் குழியுமாய்த் தேங்கிய நீரைப் பார்த்து வற்றிப்போகச் சொல்லித் தம் நம்பிக்கையைச் சோதிக்க நினைத்தார். வற்றாவிட்டால் என்ன ஆவோம் என்று அஞ்சி விட்டுவிட்டார். பிற சமயத்தாரும் தத்தம் மறையே மெய் என்கின்றனரே, நம் மறை மட்டும் மெய் என்பது எப்படி என்னும் வினாவும் அவரைத் துளைத்தது. அவ்வினாவை அவர் மறைக்காமல் எழுதியிருப்பது அவருடைய நேர்மைக்குச் சான்று. நாயையும் தேரையையும் கண்டு, பாவம் அறியாத அவற்றின் பிறப்பு தமக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமைப்பட்டார்.

அந்நாளில் கலாத்தியர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய விளக்கவுரையின் பழம்படி ஒன்று கைக்குக் கிடைத்தது. ஏடுகள் உதிரும் நிலையில் இருந்த அந்நூலைத் திறந்தவர், தம் நெஞ்சிலிருந்தே எடுத்து எழுதியதுபோல் இருக்கக் கண்டு வியந்தார். தம்மைப்போல் கலங்கிய ஒருவர் தமக்கு முன்னும் இருந்திருக்கிறார் என அறிந்ததே பெரிய ஆறுதல். விவிலியத்துக்கு அடுத்தபடி அதையே போற்றினார்.

ஆயினும் மிகப் பெரிய சோதனை அதன் பின்னரே வந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் ஓராண்டளவு அவரை விடாமல் துரத்தியது. உண்ணும்போதும் உறங்கும்போதும் வேலை செய்யும்போதும் அதே சொல். கைகளாலும் முழங்கைகளாலும் எதையோ தள்ளுபவர்போல அவர் உடல் அசையும்; மாட்டேன், மாட்டேன் என்று உள்ளம் மறுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் விடியலில் படுக்கையில் கிடந்தவாறே போராடிக் களைத்தபோது, அவர் விரும்பினால் போகட்டும் என்னும் நினைவு நெஞ்சில் ஓடி மறைந்தது. அவ்வளவே. மரத்தின் உச்சியிலிருந்து சுடப்பட்டு வீழும் பறவைபோல வீழ்ந்தார். ஒருவேளை உணவுக்குத் தன் தலைமகன் உரிமையை விற்று, பின்பு அழுதும் அதைத் திரும்பப் பெறாத ஏசாவின் கதை அவர் கழுத்தில் கட்டிய கல்லாயிற்று. பேதுருவின் பாவம், தாவீதின் பாவம் என ஒவ்வொன்றாக எடுத்துத் தம் பாவத்தோடு நிறுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் தம் தட்டே தாழ்ந்தது. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாக அஞ்சுகிறேன் என்று முதிய பக்தர் ஒருவரிடம் மனம்விட்டுச் சொன்னபோது, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று அம்முதியவர் சொல்லி அனுப்பினார்! நாள் முழுதும் உடல் நடுங்கியது. மார்பெலும்பு பிளந்துவிடும்போல் வலித்தது. பெட்ஃபோர்டுத் தெருவில் ஓர் இருக்கையில் அமர்ந்து தலை நிமிர்ந்து பார்த்தபோது, ஞாயிறு தமக்கு ஒளிதர மனமின்றி இருப்பதாகவும், தெருவின் கற்களும் கூரை ஓடுகளும் தம்மைப் பகைத்து நிற்பதாகவும் கண்டார்.

இன்று இத்தகையோரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அழைத்துச் செல்லவும் வேண்டும். திரும்பத் திரும்பத் தாக்கும் எண்ணங்களை அவர் விவரித்திருப்பதைப் படிக்கும் எவர்க்கும் அது தோன்றாதிராது. ஆனால் நோய் என்று பெயரிட்டதனாலேயே அவர் கேட்ட வினா விடைபெற்றுவிடாது. தன்னைத் தானே மன்னிக்க இயலாதவன் எதன்மேல் நிற்பது என்பதே அவ்வினா.

விடை ஒரு வயல்வெளியில் கிடைத்தது. நெஞ்சில் இன்னும் குத்தலோடு நடந்துகொண்டிருந்தபோது, உன் நீதி விண்ணுலகில் உள்ளது என்னும் கருத்து அவர் உள்ளத்தில் விழுந்தது. இறைவனின் வலப்பக்கத்தில் கிறிஸ்து இருப்பதை மனக்கண்ணால் கண்டார். தம் நீதி அங்கே இருக்கிறது; தாம் எங்கிருப்பினும் எது செய்யினும் அது இறைவன் முன்னேயே இருக்கிறது. தம் மனம் நன்றாக இருக்கும் நாளில் அது கூடுவதும் இல்லை. மனம் கெட்டிருக்கும் நாளில் குறைவதும் இல்லை. ஏனெனில் அது கிறிஸ்துவே, அவர் மாறுவதில்லை. கால் விலங்குகள் கழன்று விழுந்தன என்கிறார் பன்யன். வீடு திரும்பி அத்தொடரை விவிலியத்தில் தேடினார். அச்சொற்களில் அது எங்கும் இல்லை. மனம் சற்றே சோர்ந்தவர், கிறிஸ்துவே நமக்கு நீதியானார் என்னும் பொருள்பட அமைந்த கொரிந்தியர் முதல் நிருபத்தின் பகுதியைக் கண்டு தேறினார். அவர் சொல்லும் உவமை ஒன்று இனியது. செல்வர் தம் பையில் சில்லறைக் காசுகளை, அதுவும் தேய்ந்து உடைந்த காசுகளை, வைத்திருப்பர். பொற்காசுகள் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். தம்மிடம் இருந்த நற்குணங்கள் எல்லாம் பையிலுள்ள தேய்ந்த காசுகள். தம் பொன் முழுதும் கிறிஸ்துவாகிய பெட்டியில் இருப்பதைக் கண்டுகொண்டார்.

அவர் கண்ட அமைதியின் இயல்பு இங்கேதான் புலனாகிறது. அது மனத்தை அடக்கிப் பெற்ற அமைதி அன்று. மனம் அதன்பின்னும் பலமுறை அலைந்தது. தம் அமைதியைத் தம் மனத்தின் நிலையில் தேடுவதை அவர் கைவிட்டார். இவ்வளவு காலமும் தம் நெஞ்சின் நாடியையே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அக்கையை எடுத்தார்.

1655ஆம் ஆண்டை ஒட்டிப் பெட்ஃபோர்டில் குடியேறி, அருளுரை ஆற்றத் தொடங்கினார். அவ்வாண்டில் கிஃபோர்டு மறைந்தார். 1658இல் மனைவியும் நான்கு குழந்தைகளை விட்டு இறந்தார். அடுத்த ஆண்டு எலிசபெத் என்னும் இளம்பெண்ணை மணந்தார். 1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னராக மீண்டார். அரசுத் திருச்சபையின் இசைவின்றி அருளுரை ஆற்றுவோர் மீது பழைய சட்டங்கள் பாய்ந்தன. அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் லோயர் சாம்செல் என்னும் சிற்றூரில் அவர் பேசவிருந்தார். கைதாணை பிறந்திருப்பதாக வீட்டுக்காரர் எச்சரித்தார். தப்பிச் செல்ல நேரம் இருந்தது. பன்யன் வயலில் சற்று உலாவி எண்ணிப் பார்த்தார், தாம் ஓடினால் புதிதாய் நம்பியவர்கள் என்ன நினைப்பர் என்று கருதித் திரும்பிவந்து பேசத் தொடங்கினார், கைதானார். 1593ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இனி அருளுரை ஆற்றமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் விடுதலை. மறுத்தால் நாடு கடத்தல். அனுமதியின்றி மீண்டால் தூக்கு. அவர் ஒப்பவில்லை.

கைதான செய்தி கேட்ட அதிர்ச்சியில், கருவுற்றிருந்த எலிசபெத்துக்கு உரிய காலத்துக்கு முன்பே நோவு கண்டது. எட்டு நாள் துன்புற்றுப் பெற்ற குழந்தை இறந்தது. மூத்தாள் பிள்ளைகள் நால்வர்; ஒருத்தி பார்வையற்றவள். பிறர் ஈந்ததே உணவு. இந்நிலையில் அவர் இலண்டன் சென்று பிரபுக்கள் சபை உறுப்பினர் ஒருவரிடம் விண்ணப்பம் கொடுத்தார். 1661 ஆகஸ்டில் நீதிபதிகள் பெட்ஃபோர்டுக்கு வந்தபோது அவர்களையும் அணுகினார். மாத்யூ ஹேல் என்னும் நீதிபதி கனிவோடு கேட்டார். ட்விஸ்டன் என்பவர் சீறினார். வண்டிக்குள்ளும் ஒரு விண்ணப்பத்தை எறிந்து பார்த்தார். இறுதியில், நீதிபதிகளும் ஊர்ப் பெரியோரும் கூடியிருந்த ஸ்வான் விடுதி அறைக்குள் நடுங்கும் நெஞ்சோடு நுழைந்தார்.

நீதி கேட்டு அவையேறிய பெண்ணைச் சிலம்பில் கண்டவர்கள் நாம். எலிசபெத்தின் கையில் சிலம்பு இல்லை. நகரை எரிக்கும் ஆற்றலும் இல்லை. தம் கணவர் முறையான விசாரணையின்றியே தண்டிக்கப்பட்டார் என்று தெளிவாக எடுத்துரைத்தார். இத்துணை இளையவளுக்கு நான்கு பிள்ளைகளா என்று ஹேல் வியந்தபோது, தாம் சிற்றன்னை என்பதையும் தம் குழந்தை இறந்ததையும் சொன்னார். ஹேல் இரங்கினார். கணவன் தொழில் என்ன என்று கேட்கப்பட்டபோது, பாத்திரம் பற்றவைப்பவன் என்று கூட்டத்தில் சிலர் கூறினர். ஆம், அத்தொழிலாளியும் ஏழையுமாக இருப்பதனாலேயே அவர் இகழப்படுகிறார், நீதி மறுக்கப்படுகிறார் என்று எலிசபெத் விடை பகர்ந்தார். மன்னரிடம் முறையிடுவது, மன்னிப்புப் பெறுவது, தீர்ப்பில் பிழைகாட்டும் ஆணை பெறுவது என வழிகளை ஹேல் எடுத்துரைத்தாரேயன்றி விடுதலை அளிக்கவில்லை. எலிசபெத் அழுதுகொண்டே வெளியேறினார். தமக்கு இரங்காத அவர்களின் கல்நெஞ்சுக்காக அழுததைவிட, இறைவன் தீர்ப்பளிக்க வரும் நாளில் அவர்கள் என்ன கணக்குச் சொல்வர் என எண்ணியே மிகுதியும் அழுததாக அவர் கணவரிடம் பின்னர்க் கூறினார். இக்காட்சி முழுதும் அவர் சொல்லப் பன்யன் எழுதியதே. பெட்ஃபோர்டு வாசற்படிப் பெண்களிடம் பன்யன் கண்ட அதே அமைதி இங்கும் தென்படுகிறது. பன்யனைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டும் எலிசபெத்துக்குச் சில பக்கங்களே ஒதுக்கப்படுவது எனக்குக் குறையாகவே படுகிறது.

சிறைவாசம் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. தொடக்கத்தில் சிறைக்காவலர் இரங்கிச் சிலபோது வெளியே விட்டதுண்டு. நுனியில் பூண் கட்டிய நாடாக்களைக் கட்டுக்கட்டாகச் செய்து விற்று அவர் குடும்பத்துக்கு அனுப்பினார். விவிலியமும், மறைசாட்சிகளைப் பற்றி ஜான் ஃபாக்ஸ் எழுதிய நூலும் அவரிடம் இருந்தன. வாயைத் திறந்து ஒரு வாக்குறுதி அளித்தால் கதவு திறக்கும்; எனவே அச்சிறையில் அவர் ஒவ்வொரு நாளும் புதிதாகப் புகவேண்டியிருந்தது. மனைவி மக்களைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தெடுப்பதாக இருந்தது என்கிறார். அதிலும் பார்வையற்ற மேரி. காற்று அவள்மேல் வீசுவதையும் தாங்காத தந்தை, அவள் பிச்சையெடுப்பாளோ, அடிபடுவாளோ, பசியிலும் குளிரிலும் வாடுவாளோ என்று எண்ணி எண்ணி உடைந்தார். மனைவி மக்களின் தலைமேல் தன் வீட்டைத் தானே இடித்துத் தள்ளுபவனாகத் தம்மைக் கண்டார். அப்போது அவர் நினைவுக்கு வந்தவை, விவிலியத்தில் உடன்படிக்கைப் பெட்டி ஏற்றிய வண்டியை இழுத்துச் சென்ற இரண்டு கறவைப் பசுக்கள். கன்றுகள் வீட்டில் அடைபட்டிருக்க, கதறிக்கொண்டே, ஆயினும் வழி விலகாமல் அவை நடந்தன.

இம்முடிவு சரிதானா என்று கேட்போர் உண்டு, கேட்கத்தான் வேண்டும். விலையைச் செலுத்தியவர் அவர் மட்டும் அல்லர். அதை அவர் அறிந்தே இருந்தார் என்பதும் அவ்வறிவு அவரை விட்டு ஒருநாளும் நீங்கவில்லை என்பதுமே நாம் சொல்லக்கூடியவை.

தூக்குமேடை அச்சமும் அவரை விடவில்லை. ஏணிப்படியில் முகம் வெளுத்து முழங்கால் நடுங்கி நின்று, தாம் நம்பியதற்கு இழுக்குத் தேடிவிடுவோமோ என்று கலங்கினார். வேண்டினார், ஆறுதல் வரவில்லை. மீண்டும் வேண்டினார், வரவில்லை. இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஆறுதல் தருவதும் தராததும் இறைவன் விருப்பம். அவரைப் பற்றி நிற்பது தம் கடமை. ஆறுதல் கிடைக்காவிடினும், விண்ணுலகோ நரகமோ எது வரினும், கண்ணை மூடிக்கொண்டு ஏணியிலிருந்து அவர் பெயரால் குதித்துவிடுவது என உறுதி கொண்டார். அவ்வுறுதியைக் கொண்ட பின்னரே நெஞ்சு நிறைந்தது. வயல்வெளியில் தொடங்கியது இங்கேதான் முற்றுப்பெற்றது எனலாம். அமைதியையே எதிர்பார்க்காமல் நின்றபோது அமைதி அவரை வந்தடைந்தது.

1672இல் மன்னர் அளித்த சமய உரிமை அறிவிப்பால் விடுதலை கிடைத்தது. சிறையிலிருக்கும்போதே பெட்ஃபோர்டுத் திருச்சபை அவரை மேய்ப்பராகத் தெரிந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளில் மீண்டும் ஒரு குறுகிய சிறைவாசம். 1678இல் மோட்சப் பயணக் கதை வெளிவந்தது. அவர் வாழ்நாளிலேயே பதினொரு பதிப்புகள் கண்டது. பின்னர் இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டது. வைணவ மரபில் தோன்றிக் கம்பனில் ஊறிய கிருஷ்ணபிள்ளை, 1858இல் கிறித்தவரான பின், அதனை மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட செய்யுள்களில் காப்பியமாக்கினார். முன்னோர் நெறியைவிட்டுப் பிரிந்த நெஞ்சின் வலியை அறிந்த ஒருவர் கைக்கு அந்நூல் வந்து சேர்ந்தது தமிழின் பேறு.

முதற்பாகத்தில் நாயகன் மனைவி மக்களை விட்டுத் தனியே ஓடுகிறான். காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். 1684இல் எழுதிய இரண்டாம் பாகத்தில் அம்மனைவி தன் மக்களோடு அதே வழியில் புறப்படுகிறாள். வழித்துணை உண்டு, இளைப்பாறல் உண்டு, ஊன்றுகோலோடு நடப்பவரும் மனம் தளர்ந்தவரும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். எனக்கு மிகவும் பிடித்தவர் அச்சமே பெயராகக் கொண்ட ஒரு முதியவர். அவநம்பிக்கைச் சேற்றின் கரையில் ஒரு திங்கள் நின்று தயங்கியவர். வழியெல்லாம் தாம் ஏற்கப்படுவோமா என்றே நடுங்கியவர். இறுதி ஆற்றை அவர் கடந்த நாளில் மட்டும் அதன் நீர் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கால் நனையும் அளவிலேயே கடந்து சென்றார். மணிக்கோபுரத்திலிருந்து ஓடிய இளைஞனைப் பன்யன் மறக்கவில்லை.

1685இல், மீண்டும் ஒடுக்குமுறை வரும் அறிகுறி தெரிந்தபோது, தம் உடைமை அனைத்தையும் எலிசபெத்துக்கு எழுதிவைத்தார். நாடறிந்த நூலாசிரியராக இருந்தும் அவ்வாவணத்தில் தம்மைப் பித்தளை வேலை செய்பவர் என்றே குறித்தார்.

1688 ஆகஸ்டில், தந்தையொருவர் தம் மகனோடு பிணங்கிச் சொத்துரிமையை மறுக்க முனைந்திருப்பதாகவும் அவர்களைச் சேர்த்துவைக்க வேண்டும் எனவும் வேண்டுகோள் வந்தது. பன்யன் ரெடிங் நகருக்குக் குதிரையில் சென்று தந்தையிடம் பேசினார்; தந்தை மனம் இளகினார். அங்கிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ நாற்பது கல் தொலைவு, வழியெல்லாம் பெருமழை. நனைந்தபடியே, ஸ்னோ ஹில்லில் வாழ்ந்த நண்பரும் மளிகை வணிகருமான ஜான் ஸ்ட்ரட்விக்கின் இல்லம் சேர்ந்தார். 19ஆம் நாள் ஒருமுறை அருளுரை ஆற்றினார். காய்ச்சல் முற்றி 31ஆம் நாள், அறுபது வயது நிறையுமுன், உயிர் நீத்தார். பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில், ஸ்ட்ரட்விக் தம் குடும்பத்துக்கென வைத்திருந்த இடத்திலேயே அவர் உடல் வைக்கப்பட்டது. எலிசபெத்துக்கு அவர் விட்டுச்சென்ற உடைமையின் மதிப்பு 42 பவுனும் 19 ஷில்லிங்கும்.